வெளியூரில் எங்கே ஓடுவது? தண்ணீர் போகிற வழியைக் கேளுங்கள்

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தணிக்கை வேலைக்காக மாதத்தில் பாதி நாள் ஊர் ஊராகப் போகிறவர் நீங்கள். கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸில் ஓடிப் பழகிய கால். ஜூலையில் 12 நாள் குமரி மாவட்டத்தில் வேலை: நாகர்கோவிலில் 5 நாள், மார்த்தாண்டத்தில் 4, கன்னியாகுமரியில் 3. சிங்கப்பூரில் ஒருமுறை பார்த்ததுபோல மர நிழலில், வண்டித் தொல்லை இல்லாமல் ஓடுகிற பாதை இங்கே உண்டா, காலை 5 மணிக்கு 8 கிலோமீட்டர் ஓட முடியுமா, கடைசி 3 நாள் மனைவியும் வருகிறார், அவர் தனியாக ஓடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இடங்களின் பெயர் மட்டும் போதுமென்றால் நாலு வரியில் முடித்துவிடுவேன். ஆனால் அடுத்த மாதம் நீங்கள் வேறொரு மாவட்டத்தில் நிற்பீர்கள். ஒருவரையும் தெரியாத ஊரில், இருட்டு பிரிகிற நேரத்தில், எந்தப் பாதையை நம்பிக் கால் வைப்பது? உங்கள் கேள்விக்குள் இருக்கிற கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் இந்த மாவட்டத்துக்காரன். 27 ஆண்டு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன ஊர்களில், அவர்கள் எழும்புவதற்குள் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வருவது என் பழக்கம். ஓட்டப் பயிற்சியும் ஓடுகிற தடமும் எனக்குத் தெரிந்த விஷயங்கள். மருத்துவம் என் துறை இல்லை. உடம்பைப் பற்றி நான் சொல்வதெல்லாம் ஒரு பயிற்சியாளன் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அளவுக்குத்தான். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், புழுக்கமான ஊரில் நீண்ட ஓட்டம் போவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஓடுவதற்கென்றே போட்ட நீண்ட பசுமைப் பாதை குமரி மாவட்டத்தில் கிடையாது. சிங்கப்பூரில் 2011-இல் ரயிலை நிறுத்திய பழைய தண்டவாள வழியை 24 கிலோமீட்டர் நடைபாதையாக விட்டுவைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்தது அதுவாகவோ, பூங்காக்களை இணைக்கிற வேறொரு பாதையாகவோ இருக்கலாம். அப்படி ஒன்றை இங்கே தேடினால் ஏமாந்து போவீர்கள். ஆனால் அந்தப் பாதை செய்கிற வேலையை எங்கள் ஊரில் நூறு வருஷத்துக்கும் மேலாக வேறொன்று செய்துகொண்டிருக்கிறது. பாசனக் கால்வாயின் கரை. நாங்கள் அதைச் சானல்கரை என்போம்.

பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. கோதையாற்றுத் தண்ணீரை அங்கே தேக்கி, பெருஞ்சாணி அணைத் தண்ணீரையும் சேர்த்து, கால்வாய்களாகப் பிரித்து மாவட்டம் முழுவதும் கொண்டுபோகிறார்கள். தோவாளை சானல், அனந்தனார் சானல், பட்டணங்கால், புத்தனார் சானல் என்று பெயர்கள் நீளும். ஓடுகிறவர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தத் தண்ணீரை மோட்டார் தள்ளவில்லை, சரிவுதான் தள்ளுகிறது. சரிவு அதிகமானால் கரை அரிக்கும், குறைந்தால் வண்டல் படியும். அதனால் கால்வாய் வெட்டியவர்கள் மேட்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவு வைத்துத்தான் வெட்டினார்கள். எங்கள் மாவட்டமோ ஏற்றமும் இறக்கமுமான பூமி. அதில் சமதளமாக நீளுகிற ஒற்றைக் கோடு இந்தச் சானல்கரைதான். பக்கத்துத் தார்ச்சாலையில் 3 கிலோமீட்டருக்குள் நாலு ஏற்றம் வரும். அதே தூரத்தைக் கரையில் ஓடினால் ஏற்றம் இருந்ததே தெரியாது. தென்னையும் மாவும் நிழல் தரும். மண்ணில் ஈரம் இருப்பதால் காலுக்கும் இதம்.

நீங்கள் வருவது ஜூலை. வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் கன்னிப்பூ நெல்லுக்காக அணையைத் திறந்துவிடுவார்கள். அடுத்த நெல் பருவமான கும்பப்பூ முடிகிறவரை, பிப்ரவரி கடைசி வரைக்கும் சானலில் தண்ணீர் வரும். ஆகவே நீங்கள் ஓடும்போது பக்கத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். கேட்கச் சுகமாக இருக்கும், பார்த்துக் கால் வைக்கவும் வேண்டும். சில இடங்களில் கரைமேல் தார் போட்டிருப்பார்கள், சில இடம் செம்மண், சில இடம் புல் மூடிய ஒற்றையடித் தடம். மழையில் கரை உடைந்து மண்மூட்டை அடுக்கியிருப்பதும் உண்டு. போன வருஷம் நன்றாக இருந்த கரை இந்த வருஷமும் அப்படியே இருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். முந்தின நாள் சாயங்காலம் நடந்து பார்த்த கரையில் மட்டும்தான் காலையில் ஓட வேண்டும். வாழ்நாள் முழுவதும் நான் மீறாமல் வைத்திருக்கும் விதி அது. ஒரே ஒரு தடவை மீறினேன். மடைக்குப் பக்கத்தில் பாசி பிடித்த சிமெண்ட்டில் வழுக்கி, இடது மணிக்கட்டு பிசகி, 6 வாரம் கட்டோடு திரிந்தேன். குளம் நிரம்பி வழிகிற மறுகாலுக்கும் இதே எச்சரிக்கைதான். பச்சையாகப் பளபளக்கிற எந்தச் சிமெண்ட்டிலும் ஓட வேண்டாம், நடந்து கடந்துவிடுங்கள்.

சானல்கரையில் ஒரு மரியாதை உண்டு. வெளியூர்க்காரர் அறிந்துவைத்திருப்பது நல்லது. குளிக்கிற படித்துறையை இங்கே கடவு என்பார்கள். விடிந்ததும் பெண்கள் துவைக்கவும் குளிக்கவும் வருவார்கள். தூரத்தில் துணி அடிக்கிற சத்தம் கேட்டாலே நான் கரையிலிருந்து இறங்கிச் சாலைப் பக்கமாகச் சுற்றிப் போய்விடுவேன். வழி அது ஒன்றுதான் என்றால், கொஞ்சம் தள்ளி நின்று தொண்டையைச் செருமிவிட்டு, எதிர்ப்பக்கம் பார்த்தபடி நடந்து கடப்பேன். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு திமுதிமுவென்று ஓடி வருகிற ஆளை யாருக்கும் பிடிக்காது. அந்தக் கரை நமக்கு ஒரு மணி நேரத்து ஓடுபாதை, அவர்களுக்கோ வீட்டின் ஒரு பகுதி.

நாகர்கோவிலில் தங்கும்போது அனந்தனார் சானலைத் தேடுங்கள். பார்வதிபுரம் பக்கம் போய் "சானல்கரை எங்க?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். ஊருக்குள் வருகிற பகுதியில் குப்பையும் வண்டியும் இருக்கும். ஊரை விட்டு மேற்கே போகப் போகத்தான் கரை அழகாகும். அண்ணா ஸ்டேடியத்திலும் காலையில் கூட்டம் இருக்கும், நல்ல கூட்டம்தான். மழை நாளுக்கும் வேக ஓட்டப் பயிற்சிக்கும் அங்கே போங்கள். இன்னொரு நாள் தேரூர்க் குளத்தைப் பார்க்க வேண்டும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும், நாகர்கோவிலுக்கு மேற்கே இருக்கிற வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. வலசைப் பறவைகள் குளிர்காலத்தில் வருகிறவை, ஜூலையில் அவற்றைப் பார்க்க முடியாது. தாமரையும், நாமக்கோழியும், முக்குளிப்பானும் இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சுசீந்திரம் குளத்தை ஒட்டிப் போவது கன்னியாகுமரி நெடுஞ்சாலை. குளம் அழகாக இருக்கிறது என்று அந்தச் சாலையோரம் ஓடாதீர்கள். தேரூர் பக்கத்து ஊர்ச்சாலைக்கு உள்ளே போய்விடுங்கள். அங்கே வயலை நாங்கள் பத்து என்போம். ஜூலையில் பத்து பச்சைப்பசேலென்று இருக்கும், வேளிமலையின் தலையில் மேகம் உட்கார்ந்திருக்கும். நான் ஓடிய ஊர்களில் இதற்குச் சமமான காலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மார்த்தாண்டம் வேறு மாதிரி. நாகர்கோவிலின் நெல்வயல் சமவெளி அங்கே கிடையாது. ரப்பர், மரச்சீனி என்று நாங்கள் சொல்கிற மரவள்ளி, வாழை, நடுநடுவே வீடுகள். சாலை குறுகல், வளைவு அதிகம், ஓரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வண்டிக்கு எதிர்முகமாக, அதாவது சாலையின் வலப்பக்கம் ஓட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். வருகிற வண்டி நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் நியாயம். ஆனால் வலப்பக்கம் மண்சுவர் எழும்பி நிற்கிற குருட்டு வளைவில் அந்த நியாயம் உடைந்துபோகிறது. அங்கே ஓட்டத்தை நிறுத்தி, சத்தம் கேட்டு, வெளிவளைவுப் பக்கம் மாறி நடந்து கடந்து, மறுபடி வலப்பக்கம் வாருங்கள். இந்தச் சின்னச் சங்கடத்துக்குச் சோம்பல்படாதீர்கள். அந்தப் பக்கத்திலும் பட்டணங்காலின் கிளைகள் போகின்றன. லாட்ஜில் கேட்பதைவிட, காலையில் முதலில் திறக்கிற சாயாக்கடையில் கேளுங்கள். லாட்ஜ் வரவேற்பில் இருக்கிற தம்பி இரவு வேலைக்கு வந்தவராக இருப்பார், பெரும்பாலும் பைக்கில்தான் போவார், அவருக்கு எல்லா ரோடும் நல்ல ரோடு. சாயாக்கடைக்காரருக்கோ எந்த வழியில் யார் நடந்து வருகிறார்கள் என்று தெரியும்.

இங்கே ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வெளி மாவட்டத்து ஆசிரியர் ஒருவரோடு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு ஐம்பதடி முன்னால் போனார். இடைவழி ஒன்றில் அவர் திரும்பும்போது, முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி துறப்பையைத் தூக்கிக் காட்டி, "பிள்ளே, அங்கோட்டு போவாத, பட்டி கிடக்கு" என்றார். நண்பர் கும்பிட்டுவிட்டு அதே வழியில் போனார். பட்டி என்றால் சின்ன ஊர், அல்லது மாடு அடைக்கிற இடம் என்று நினைத்திருக்கிறார். குமரியின் மேற்குப் பக்கத்தில் பட்டி என்றால் நாய். மூன்று பட்டி கிடந்தன. நல்ல வேளை, ஓடாமல் நின்றுவிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் பாட்டியே வந்து விரட்டிவிட்டார்.

நாய் விஷயத்தில் உறுதியாகச் சொல்லக் கூடியது: நாய் குரைத்து வந்தால் ஓடாதீர்கள், நில்லுங்கள், அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல் மெல்லப் பின்வாங்குங்கள். ஓடுகிற எதையும் துரத்துவது அதன் இயல்பு. கல்லெடுக்கக் குனிகிற மாதிரிக் குனிந்தால் பெரும்பாலான தெருநாய் விலகும், ஆனால் எல்லா நாயும் விலகும் என்று சொல்ல முடியாது, காவல் நாய் சில நேரம் இன்னும் கோபப்படும். கடித்துவிட்டால், பல் பட்டுக் கீறல் மட்டும் என்றாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். வேலை இருக்கிறது, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். வெறிநோய் அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற வழி இல்லை. பாம்பும் அப்படித்தான்: கட்டுப் போடாமல், கீறாமல், காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வைத்தியம். புல் மூடிய கரையில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

டார்ச் என்றதும் நேரம் ஞாபகம் வருகிறது. 5 மணிக்கு ஓடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஜூலை நடுவில் இங்கே சூரியன் உதிப்பது ஏறத்தாழ 6.10-க்கு, சென்னையைவிடச் சுமார் 20 நிமிடம் பிந்தி. வெளிச்சம் பரவுவது 5.45 வாக்கில். 5 மணிக்கு இறங்கினால் ஓட்டத்தின் பெரும்பகுதி கும்மிருட்டில் போகும். 5.45-க்கு இறங்கி 6.45-க்குத் திரும்புங்கள். தென்மேற்குப் பருவம் நடக்கிற மாதம் என்பதால் வெயில் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. ரப்பர் தோட்டங்களில் மழையில்லாத காலைகளில் தலைவிளக்கு கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறவர்களைப் பார்ப்பீர்கள். அவர்கள் கத்தி வைத்து மரத்தைக் கீறி, சிரட்டையைக் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போகிற வேகம் ஒரு ஓட்டக்காரர் பார்த்து ரசிக்க வேண்டியது. ஆனால் அது தனியார் தோட்டம். கேட்காமல் உள்ளே ஓடாதீர்கள். கேட்டால் அநேகமாக யாரும் மறுக்க மாட்டார்கள். பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கத்துக் காட்டுப் பாதைகள் வேறு கதை. அது வனவிலங்குச் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே காலடி வைக்கக் கூடாது. யானை நடமாடுகிற இடத்தில் காலை ஓட்டம் என்பது வீரமில்லை.

ஏற்றம் ஓட ஆசையிருந்தால் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிதறால் மலை இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இருக்கிற குன்று. மேலே வரைக்கும் கல் பாவிய பாதை. தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் கதவு திறக்கிற நேரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். மருத்துவாழ்மலையைப் பலர் சொல்வார்கள். அது படியும் பாறையும் குரங்கும், ஏறிப் பார்க்க வேண்டிய மலைதான். ஈரமான ஜூலையில் அங்கே ஓடச் சொல்ல மாட்டேன்.

இனி கன்னியாகுமரி. எல்லோரும் கடற்கரை மணலில் ஓடத்தான் ஆசைப்படுவார்கள். காய்ந்த மணலில் ஓடினால் கெட்டித் தரையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அலை நனைத்த கெட்டி மணல் பரவாயில்லை, ஆனால் அது கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று 8 கிலோமீட்டர் ஓடினால் இடுப்பும் முழங்காலின் வெளிப்பக்கமும் மறுநாள் பேசும். போகிற தூரத்தையே திரும்பவும் ஓடினால் ஓரளவு சமன் ஆகும். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஜூலைக் கடல். மேற்குப் பக்கக் கரைகளில் பருவக் காற்றில் அலை ஏறி, மணற்பரப்பே குறுகிப் போயிருக்கும். காற்றே இல்லாத தெளிவான நாளில், எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய புயலின் அலை நாட்கணக்கில் பயணித்து வந்து திடீரென்று கரை ஏறுவதும் உண்டு. மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் போனது அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான். அந்தச் செய்தி கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வயதுப் பிள்ளைகளைத்தான் வருஷம் முழுக்க மைதானத்தில் பார்த்தவன் நான். ஆகையால் அலைவிளிம்பில் ஓட வேண்டாம், எச்சரிக்கை இருக்கிற நாளில் கடற்கரைப் பக்கமே போக வேண்டாம்.

கடலைப் பார்த்துக்கொண்டு ஓட வேறு வழி இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து மேற்கே கோவளம், மணக்குடி, சொத்தவிளை, பள்ளம், சங்குத்துறை என்று கடலோரமாகச் சாலை போகிறது. மணக்குடியில் பழையாறு கடலில் சேருகிற பொழிமுகமும் பாலமும் இருக்கின்றன. 2004 சுனாமி அடித்துக்கொண்டுபோன பாலத்துக்குப் பதிலாகக் கட்டியது. கிழக்கே ஆறேழு கிலோமீட்டரில் வட்டக்கோட்டை. ஜூலையில் காற்று மேற்கிலிருந்து ஓங்கி அடிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அது புகுந்து விரைவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். எனவே முதலில் மேற்கே, காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு 4 கிலோமீட்டர் போங்கள். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து லாட்ஜில் விடும். மாற்றிச் செய்தால், களைத்த பிறகு காற்றோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

கடலோர ஊர்களில் கரை என்பது வேலை செய்கிற இடம். கரைமடி வலையைக் கரையில் நின்று இழுக்கிற நாளில் கடலுக்குள்ளிருந்து கயிறு கரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். அரையிருட்டில் முழங்காலுக்குக் கீழே நிற்கிற அந்தக் கயிறு கண்ணுக்குத் தெரியாது. இழுக்கிறவர்களின் குரலைத்தான் முதலில் கேட்பீர்கள். கேட்டதும் நின்றுவிடுங்கள். விரித்திருக்கிற வலையைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "சார், அது எங்களுக்குச் சோறு போடுற பொருளு, செருப்புக் காலு படப்புடாது" என்றார். சொன்னவர் கோபப்படவில்லை, கெஞ்சுவதுபோலத்தான் சொன்னார். அதற்குப் பிறகு வலை கிடக்கிற பக்கமே நான் திரும்புவதில்லை.

உங்கள் மனைவி தனியாக ஓடலாமா என்பதற்கு ஆணான நான் பதில் சொல்வதில் ஒரு எல்லை இருக்கிறது. என்னிடம் பயிற்சி பெற்ற பெண்கள், இப்போது வேலைக்குப் போகிறவர்கள், சொல்வதைத்தான் சொல்ல முடியும். ஆபத்தைவிடத் தொந்தரவுதான் அதிகம் என்கிறார்கள்: உற்றுப் பார்ப்பது, பைக்கை மெதுவாக்குவது, "எங்க போறிய?" என்ற கேள்விகள். கேள்வி கேட்கிற பாட்டிகளும் கோயிலுக்கும் மாதா கோவிலுக்கும் போகிற பெண்களும் இருக்கிற வழியில் நிம்மதியாக ஓட முடிகிறது, ஆள் இல்லாத அழகான வழியில் முடிவதில்லை என்கிறார்கள். அதனால் கன்னியாகுமரியில் அவர் தனியாகப் போகிற நாளில் வெளிச்சம் வந்த பிறகு, நடைக்காரர்கள் இருக்கிற ஊர்ப்பகுதியிலும் கடலோரச் சாலையின் முதல் பகுதியிலும் ஓடட்டும். சானல்கரைக்கு இருவருமாகப் போங்கள்.

உடம்பு விஷயம். கோயம்புத்தூரின் காலைக்கும் எங்கள் காலைக்கும் வித்தியாசம் வெப்பத்தில் இல்லை, காற்றில் இருக்கிற ஈரத்தில் இருக்கிறது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே அது காயாமல் சொட்டும். புழுக்கத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும் என்பது நன்றாக ஆராய்ந்து கண்ட உண்மை. அதாவது நீங்கள் பழகி முடிக்கும்போது ஊருக்குத் திரும்பும் பேருந்தில் இருப்பீர்கள். ஆகவே இந்த 12 நாளில் நேரக் கணக்கு பார்க்காதீர்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். முதல் 3 நாள் 5 கிலோமீட்டரோடு நிறுத்துங்கள். தலைசுற்றல், ஓட்டத்தின் நடுவே குளிர்வது, வாந்தி வருகிற மாதிரி இருப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது. உப்புநீர்ப் பொட்டலம், காலுறை, விலை உயர்ந்த ஷூ பற்றி ஆளுக்கு ஆள் ஒன்று சொல்வார்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு அவற்றால் பெரிய வித்தியாசம் வரும் என்று நான் நம்பவில்லை. தாகத்துக்குத் தண்ணீர், பிறகு இரண்டு மட்டி வாழைப்பழம், காலை இட்லியோடு சாம்பார். என் பிள்ளைகள் மாநிலப் போட்டி வரைக்கும் அதில்தான் ஓடினார்கள்.

மற்ற ஊர்களுக்கும் இதே வழிதான் எனக்குப் பலித்திருக்கிறது. கைபேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தை வைத்து, தண்ணீர் போகிற கோடு எங்கே என்று முதலில் தேடுவேன். திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்கால், தஞ்சாவூரில் புது ஆறு என்று சொல்கிற கல்லணைக் கால்வாய், உங்கள் கோயம்புத்தூரில் உக்கடம் பெரியகுளத்தின் கரை, எல்லாம் அப்படிக் கிடைத்தவை. எல்லா வாய்க்காலும் ஓடத் தகுந்தது என்று சொல்லவில்லை. திருநெல்வேலியில் ஊருக்குள் போகிற கால்வாய் ஒன்றின் கரையில் நாற்றம் தாங்காமல் பாதியில் திரும்பியிருக்கிறேன். கோடு இருக்கிறது என்று படம் சொல்லும், கரை இருக்கிறதா என்று கால்தான் சொல்லும். பெங்களூரு லால்பாக் மாதிரிக் கதவு உள்ள பூங்கா என்றால் திறக்கும் நேரத்தை முந்தின நாளே விசாரிப்பேன். போன வழியிலேயே திரும்புவேன். புது ஊரில் முதல் நாள் வட்டம் போட்டு ஓடினால் எட்டு கிலோமீட்டர் பன்னிரண்டாகிவிடும். லாட்ஜ் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு, 200 ரூபாய், இரண்டும் பையில் இருக்கும்.

மார்த்தாண்டத்தில் இருக்கும் நாலு நாளில் ஒரு சாயங்காலத்தை மாத்தூருக்கு ஒதுக்குங்கள். திருவட்டாறுக்குப் பக்கம். பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல் தொட்டிப்பாலம் போகிறது. பட்டணங்கால் தண்ணீரை ஒரு மேட்டிலிருந்து எதிர்மேட்டுக்குக் கொண்டுபோக 1960-களில் கட்டியது. அங்கே ஓடக் கூடாது, நடைபாதை அவ்வளவு குறுகல். ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தொட்டபடி நடுப்பாலம் வரைக்கும் நடந்து போய் நில்லுங்கள். கீழே தென்னையின் தலைகள் தெரியும், பக்கத்துத் தொட்டியில் காலையில் நீங்கள் கூடவே ஓடிய அதே சானல் தண்ணீர் சத்தமில்லாமல் ஆற்றைக் கடந்துகொண்டிருக்கும்.